இருபது பேர் இருந்தால் உள்ளே வரும் பஸ்

மின்மினிப் பூச்சிகளைத் தவிர வட சிலாங்கூரில் என்ன இருக்கிறது என்று வாசகர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். பள்ளி விடுமுறையின் முதல் ஞாயிறு காலை 7.15க்குப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கிளம்பினேன். ஓட்டுநருடன் வாடகைக் கார், இரண்டு நாளுக்கு 320 வெள்ளி (ரிங்கிட்). ஓட்டுநர் செல்வம் கெர்லிங் பக்கத்துத் தோட்டமொன்றில் குடியிருப்பவர்.

கோலா சிலாங்கூர் குன்றுக்கு ஒரு மணி நேரம் போதும். பையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்குள்ள குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும். புக்கிட் ரோத்தானில் தோசையும் தேநீரும் 6.50 வெள்ளி. பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனைகளுக்கு நடுவே கெர்லிங் வரை 58 கிலோமீட்டர்.

"அக்கா, நாலு மணிக்கு எங்க கோயில் மண்டபத்துல ஒய்பி பேசறாரு. கொஞ்சம் நின்னுட்டுப் போலாமா? வீட்டுக்காரி பஸ் விசயமா கேக்கணும்னு இருக்கா" என்றார் செல்வம். சட்டமன்ற உறுப்பினரைத்தான் இங்கே ஒய்பி என்பார்கள்.

அவர் மனைவி பரமேஸ்வரிக்குப் புக்கிட் பெருந்துங்கில், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் தொழிற்சாலையில் வேலை. ஆள்குறைப்புக்குப் பிறகு தோட்டத்திலிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்களில் மிஞ்சியவர்கள் பதினான்கு பெண்கள். இருபது பேர் இல்லையென்றால் திங்கள் முதல் தோட்டத்துக்குள் வரமாட்டேன் என்று, அவர்களை ஏற்றிப்போகும் பஸ் குத்தகைக்காரர் சொல்லிவிட்டார். பஸ் இல்லாவிட்டால் விடியுமுன் 14 கிலோமீட்டர் போக வழியில்லை. வேலையை விட வேண்டியதுதான்.

அரசியல் கூட்டம் என்றால் நான் விலகிப் போகிறவள். ஒய்பியும் நான் நினைத்தபடியே தொடங்கினார். மக்கள் சேவை, வரப்போகும் அந்நிய முதலீடு, எங்கோ நடக்கும் போரால் கப்பல்கள் சுற்றிவருவது.

பரமேஸ்வரி எழுந்தார். "கப்பல் சுத்தி வர்றது எங்களுக்கும் தெரியும் ஒய்பி. சாமான் வரலன்னுதானே ஆள நிறுத்துனான். பஸ்சுக்கு என்ன வழி?"

"கம்பெனிக்குக் கடிதம் போடறேன்மா."

"கடுதாசி வந்து பஸ் ஓட்டாது லா" என்றது பின்வரிசை. ஒய்பியும் சிரித்துவிட்டார். பேச்சுத் தாளை மடித்துவிட்டு, "இன்னும் ஆறு பேருக்கு எங்க போறது?" என்று கேட்டார்.

அதற்குப் பரமேஸ்வரி சொன்ன பதில்தான் இந்தப் பயணத்தில் நான் கண்ட பெரிய காட்சி. கையில் தாள் இல்லை. பக்கத்துத் தோட்டத்து லயங்களை, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை, வீடு வீடாகச் சொன்னார்: யாருக்கு எந்தத் தொழிற்சாலை, எந்த ஷிப்ட், யாரை யார் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறார்கள். நாற்பது வீடுகள், ஒரு தடுமாற்றமும் இல்லாமல். அதே தொழிற்பேட்டைக்கு, அதே நேரத்துக்குப் போகும் ஆறு பெண்கள் கிடைத்தார்கள். ஒய்பி எழுதிக்கொண்டே வந்தார். அங்கேயே குத்தகைக்காரரைக் கூப்பிட்டு, கைப்பேசியை ஒலிவாங்கியில் பிடித்தார். "நாளைக்கு வந்து தலைய எண்ணுவேன் ஒய்பி, இருபது இருந்தாத்தான் ஏத்துவேன்" என்றது குரல். புள்ளிவிவரங்களோடு பழகியவள் நான். ஆனால் தாள் இல்லாமல் நாற்பது வீட்டை என்னால் சொல்ல முடியாது.

அன்று புக்கிட் பெருந்துங்கில் தங்கினேன் (அறை 95 வெள்ளி, சுடுநீர் உண்டு). மறுநாள் 5.20க்குத் தோட்டத்து முச்சந்தியில் இருந்தேன். 5.35க்குப் பத்தொன்பது பேர். பஸ் விளக்கு தெரிந்தது. அப்போது ஒரு மோட்டார் வந்து நின்றது. பின்னாலிருந்து இறங்கிய பெண், "இவருதான் எந்திரிக்கல" என்று கணவரைக் காட்டினார். "நாளைக்கு அவர விட்டுட்டு நடந்து வா" என்றார் பரமேஸ்வரி. பஸ்காரர் எண்ணினார், கதவைத் திறந்தார்.

அந்த ஒய்பிக்கு நான் வாக்களிப்பேனா, தெரியாது. பரமேஸ்வரி தேர்தலில் நின்றால் யோசிக்கமாட்டேன்.

போகிறவர்களுக்கு: பெட்ரோலைப் புக்கிட் ரோத்தானிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தோட்டத்து முச்சந்தியில் படம் எடுக்க வெளிச்சம் அழகாக இருக்கும். ஆனால் காலை ஆறுக்கு முன் அங்கே காரை நிறுத்தாதீர்கள். பஸ் திரும்ப அந்த இடம் வேண்டும்.