துணி பிழியப் பழகிய பள்ளிக்கூடம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். துப்புரவு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு உதவும் என்று பள்ளியில் கேட்டதால் எழுதுகிறேன்.

1. முதல் வாரம்

டுசல்டோர்ஃபில் ஒரு ஜப்பானியப் பள்ளியில் எனக்குத் துப்புரவு வேலை கிடைத்தது. அங்கே ஹவுஸ்மைஸ்டராக இருந்து கட்டடத்தைப் பராமரிக்கும் செல்வம் அண்ணைதான் சேர்த்துவிட்டார். முதல் ஆறு மாதம் தகுதி பார்க்கும் காலம். அதில் தேறினால்தான் நிரந்தர வேலை. நிரந்தர வேலை இருந்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மனைவிக்கு விசா கேட்கலாம். ஆகவே கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்தேன். பிள்ளைகள் மதியம் சாப்பிட்டு விளையாடப் போனதும் வகுப்பறைகளைப் பளபளப்பாக்கிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை செல்வம் அண்ணை ஓடி வந்தார்.

“என்ன வேலையடாப்பா பார்த்தனி? பிள்ளையள் துணியும் கையுமா நிக்கினம், துடைக்க ஒரு தூசி இல்லை!”

“துடைக்கத்தானே அண்ணை என்னை எடுத்தவை?”

“ஓம், நடைபாதையளும் கழிப்பறையும். வகுப்பைப் பிள்ளையள்தான் துடைக்கிறது. அதுவும் இஞ்சை ஒரு பாடம். நீ அதைக் களவெடுத்துப்போட்டாய்.”

பின்னால் துணை அதிபர் மோரி நின்றார். அவர் கோபப்படவில்லை. முதலாம் வகுப்பில் பலருக்குத் துணி பிழியத் தெரியாது, திங்கள் முதல் நீங்களே பிழிந்து காட்டுங்கள் என்று ஜெர்மனில் மெதுவாகச் சொன்னார்.

நான்கு பேருக்கு முன்னால் என் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“ஏலாது எண்டு சொல்லுங்கோ அண்ணை.”

“மனிசியை நினைச்சுக்கொண்டு போ.”

2. சென்செய்

திங்கட்கிழமை முதலாம் வகுப்புக்குள் போனதும் பிள்ளைகள் எழுந்து குனிந்து வணங்கி, “சென்செய்” என்றார்கள். ஆசிரியர் என்று பொருள். பேச்சு வராததால் வாளிக்குப் பக்கத்தில் குந்தினேன். துணியை நனைத்து, ஊரில் இடுப்பில் கட்டும் சாரத்தைப் பிழிவது போலக் குறுக்காகப் பிடித்து முறுக்கிக் காட்டினேன்.

யூகி என்ற சிறுமி எழும்பி வந்தாள். “பிழை!” என்று ஜெர்மனில் சொல்லி என் துணியைப் பறித்தாள். அதை நெடுக்காகப் பிடித்து, ஒரு கைக்கு மேல் மறு கை வைத்து முறுக்கினாள். நான் பிழிந்து முடித்த துணியிலிருந்து இன்னும் தண்ணீர் ஓடியது. வகுப்பே சிரித்தது. கதவடியில் மோரியும் செல்வம் அண்ணையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஆறு வயசுப் பிள்ளையிட்டைத் தோத்துப்போட்டாய்,” என்றார் செல்வம் அண்ணை.

அன்று வீட்டில் மணிக்கட்டு நோகும்வரை பிழிந்து பழகினேன். மறுநாள் என் துணியை யூகியிடம் நீட்டினேன். அவள் முறுக்கினாள், சொட்டியது. “இன்னும் இல்லை.” அடுத்த நாளும் அதே பதில், அதே சிரிப்பு.

மோரி கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் கேட்டதைச் செல்வம் அண்ணை தமிழில் சொன்னார்:

“நாள்தோறும் பிள்ளையள் சிரிக்குதுகள், உமக்கு வெக்கமா இல்லையோ எண்டு கேக்கிறார்.”

“வெக்கம்தான். ஆனா அந்தப் பிள்ளை இன்னும் சரி எண்டு சொல்லேல்லை. நாளைக்கும் போவன்.”

அதைக் கேட்டதும் மோரி வாய்விட்டுச் சிரித்தார். பிழியத் தெரியாததை மறைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் என்னைப் பார்த்து இப்போது யூகியிடம் துணியை நீட்டுகிறார்கள் என்றார்.

அடுத்த வாரம் யூகி என் துணியை முறுக்கினாள். ஒரு சொட்டும் விழவில்லை. அதை என்னிடம் எறிந்துவிட்டுத் தரை துடைக்கப் போனாள்.

ஆறு மாதம் முடிந்ததும் நிரந்தர ஒப்பந்தத்தில் மோரி கையெழுத்திட்டார். மனைவி இப்போது என்னோடு இருக்கிறாள்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நமக்குத் தெரியாது என்பதை நாலு பேர் பார்த்துவிட்டால் வேலை போய்விடாது. மறுநாள் போகாமல் விட்டால்தான் போகும்.

டுசல்டோர்ஃப்,
12.10.2025, ஞாயிற்றுக்கிழமை