இஞ்சினின் பெயரைச் சொல்லாமல் போனவர்

செல்வம் போனில் அழைத்து, "அண்ணே, குமரேசன் மாமா போயிட்டாருண்ணே, வெரசா வாங்க" என்றபோது என் வாயிலிருந்து முதலில் வந்தது, "அடப்பாவி, பேரைச் சொன்னாரா?" என்பதுதான். "சாவு வீட்டுல கேக்குற கேள்வியாண்ணே இது?" என்றான் செல்வம். எனக்கு அது ஒன்றுதான் கேள்வி.

போடியில் பழைய பொம்மை நீராவி இஞ்சின்களைச் சேர்ப்பவர்கள் செல்வம் உட்பட நாங்கள் ஐந்தாறு பேர். ஒரு சாண் உயரத்தில் பித்தளை பாய்லர், அடியில் ஸ்பிரிட் விளக்கு, பக்கத்தில் ஒரு சக்கரம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் விளையாடிவிட்டு எஸ்டேட் பங்களாக்களில் விட்டுப்போனவை. ஞாயிறுதோறும் குமரேசன் மாமாவின் ஏலக்காய் ஸ்டோரில் கூடுவோம். உறவு ஒன்றும் கிடையாது. அவர் என்னை மாப்ளே என்பார், நான் மாமா என்பேன். ஓர் இஞ்சின் எந்த நாட்டுச் சரக்கு, எந்தக் கம்பெனி செய்தது என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. உங்கள் பத்திரிகைக்கு அவரைப் பற்றி அஞ்சலி எழுதச் சொன்னீர்கள். புகழ என்னால் ஆகாது என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

போடிமெட்டுக்கு மேலே ஒரு பழைய பங்களாவை இடித்தபோது எனக்குக் கிடைத்தது அந்த இஞ்சின். அங்கே வேலை பார்த்த டிரைவர் குடும்பம் அதைச் சாமி மாடத்தில் வைத்து, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனம் அப்பியிருக்கிறது. கரியும் சந்தனமும் படிந்த பாய்லரின் பின்பக்கத்தில், செய்த கம்பெனியின் பெயர் கறுப்பு மையில் வட்ட முத்திரையாக இருந்தது. முத்திரை தெரிந்ததே தவிர எழுத்து பிடிபடவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு குலுங்கக் குலுங்க, அதை மடியில் பிள்ளையைப் போலப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நான் சேர்த்ததில் அப்படி இன்னொன்று கிடையாது. அதன் பெயர் தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாமாவிடம் பெரிய லென்ஸ் உண்டு. "தேய்ச்சுகீச்சு வச்சுராதீக மாமா, பாத்து மட்டும் சொல்லுங்க" என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. ஸ்டோருக்குப் போனால், தராசுக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் என் இஞ்சின் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பொட்டு வைத்து, பூவும் சுற்றியிருந்தார். முத்திரை இருந்த இடத்தில் என் முகம் தெரிந்தது.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீக!"

"பின்னே, அழுக்கோடயா சாமிக்கு வைக்கிறது?"

வந்த ஆத்திரத்தில் பொரிகடலைத் தட்டைத் தட்டிவிட்டேன். அவர் சாவகாசமாகக் குனிந்து பொரியைக் கூட்டி அள்ளினார். "பதறாத மாப்ளே. தேய்க்கிறதுக்கு முந்தியே லென்ஸ் வச்சுப் பாத்துட்டேன். பேரு மனசுல இருக்கு. என்ன அவசரம், சொல்றேன்."

சொல்லவில்லை. நான் கேட்காத ஞாயிறு இல்லை. பக்கத்தில் தேவாரம் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையைப் பிடித்து உட்கார்ந்து கேட்டேன். ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "பேரு தெரிஞ்சா இஞ்சினு வெரசா ஓடுமா மாப்ளே?" என்றார். பந்தியே சிரித்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் கேட்டுப் பார்த்தேன். "சொல்றேன் மாப்ளே, என்ன அவசரம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நல்ல மனிதர், கொடுத்த கை என்றெல்லாம் நீங்கள் சொல்வீர்கள். தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் நெஞ்சழுத்தக்காரர். ஓடாத இஞ்சினை ஓடவைப்பார், அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மாலை போட்டேன். அழுகை வரவில்லை.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு ஸ்டோரில் கூடினோம். ராசிங்காபுரத்திலிருந்து ஒரு பெண், துணியில் சுற்றி ஒரு சின்ன இஞ்சினைக் கொண்டுவந்திருந்தாள். "பெரியவரு இருந்தா பாத்த ஒடனே சொல்லியிருப்பாரு. இனிமே நீங்கதாண்ணே சொல்லணும்" என்றாள். செல்வம் மாமாவின் லென்ஸை எடுத்து என் கையில் வைத்தான். வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முத்திரை இருந்தது. கரிக்குள் ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"பாத்துட்டேம்மா. என்ன அவசரம், சொல்றேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் சுரீரென்று உறைத்தது. படுபாவி மனுஷன்! அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. என் இஞ்சினின் பெயர் அன்றைக்கே புளித்தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது. நான்தான் பைத்தியக்காரன் மாதிரி ஆஸ்பத்திரி வரைக்கும் அதைத் துரத்தியிருக்கிறேன்.

போனவர் நமக்கு விட்டுப்போனது என்ன என்று சொல்லித்தான் அஞ்சலியை முடிக்க வேண்டுமாம். எனக்கு அவர் விட்டுப்போனது அந்த ஒரு பொய். அந்தப் பெண் அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.