ஒழித்துக் கொடுக்காத உள்ளறை

என் மூத்த மகள் எங்கள் வீட்டில் பிறக்கவில்லை. காளிகாட் பேட்டையில் நாங்கள் குடியிருந்த சந்தில், எதிர்வீட்டு வங்காளிகளின் அறையில் பிறந்தாள். அந்த வீட்டில் காற்றோட்டம் அதிகம், டாக்டர்தான் அப்படிச் சொன்னார் என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். பொய். எந்த டாக்டரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பெண் படுத்துப் பிள்ளை பெற இடமில்லை. இல்லாமல் செய்தவன் நான்.

அப்போது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். சனிக்கிழமை அரைநாள் வேலை. சீமைக்குத் திரும்பும் துரைமார்களின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வரும். டிராம் பிடித்து வீட்டுக்குப் போக வேண்டியவன் ஏலக்கடைக்குப் போய்விடுவேன். கால் ஒடிந்த நாற்காலி, ரசம் போன கண்ணாடி, கட்டை போன ஆர்மோனியம், முள் இல்லாத கடிகாரம். எல்லாவற்றையும் பழுது பார்த்துவிடலாம் என்று நினைப்பு. ஒன்றையும் தொட்டதில்லை. என்றாவது படிக்கலாம் என்று கட்டிவைத்த பழைய பேப்பர்கள் வேறு உத்தரத்தைத் தொட்டன. வீட்டில் இரண்டே அறை. உள்ளறை இவற்றால் நிரம்பியபின், சமையல், சாப்பாடு, படுக்கை எல்லாம் முன்னறையில்தான்.

என் மனைவிக்குத் தாயார் இல்லை. அதனால் தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பும் பேச்சே எழவில்லை. ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் கேட்டாள்.

“ஏன்னா, உள்ரூமை ஒழிச்சுக் குடுக்கறேளா?”

“இந்த ஞாயித்துக்கிழமை பண்ணிடறேன்.”

அந்த ஞாயிறு போயிற்று. பூஜா லீவில் என்றேன். லீவு முழுவதும் தூங்கினேன். குளிர் வரட்டும், அப்போதுதான் வியர்க்காமல் வேலை செய்யலாம் என்றேன். ஒருதரம் உள்ளே போய் ஒரு பேப்பர் கட்டை அவிழ்த்தேன். ஏதோ செய்தி கண்ணில் பட்டது. உட்கார்ந்து படித்துவிட்டு, மறுபடி கட்டிவைத்துவிட்டு வந்தேன். எட்டாம் மாதத்துக்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம், தொப்பி மாட்டும் ஸ்டாண்டு ஒன்றைக் கூலியாள் தலையில் ஏற்றிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தேன். எங்கள் வாசலில் மருத்துவச்சி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். காலையிலேயே வலி கண்டுவிட்டதாம். எதிர்வீட்டு அம்மாள்தான் ஆள் அனுப்பி அவளை வரவழைத்திருக்கிறாள். அந்த அம்மாளை நாங்கள் ‘பௌதி’, அதாவது அண்ணி என்று கூப்பிடுவோம்.

“இந்த வீட்டில் முடியாது,” என்று மருத்துவச்சி வங்காளத்தில் சொன்னாள். “நான் உட்காரவே இடமில்லை. எலி ஓடுகிறது.”

பௌதி என்னைப் பார்க்கவில்லை. “எங்கள் வீட்டுக்கு வரட்டும்,” என்றாள்.

பௌதியின் தோளைப் பிடித்துக்கொண்டு என் மனைவி வெளியே வந்தாள். அந்த நேரம் பார்த்துக் கூலியாள் வாசற்படியில் ஏறியிருந்தான். ஸ்டாண்டின் கொம்புகள் வழியை அடைத்துக்கொண்டன. அவன் பின்வாங்கித் திரும்பும்வரை அவள் வலியோடு நிற்க வேண்டியதாயிற்று. சந்தில் எல்லா ஜன்னலிலும் முகங்கள்.

“இது எதுக்கு?” என்று கேட்டாள். கோபமில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டதுபோல் இருந்தது.

பொழுது சாய்வதற்குள் பெண் பிறந்தாள். தீட்டுக் கழியும்வரை அந்த அறையை அவர்கள் புழங்கமாட்டார்கள். அது பௌதியின் கணவர் படுக்கும் அறை. பள்ளிக்கூட வாத்தியாரான அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார். மார்கழிக் குளிர். அவர் இருமுவது எங்கள் வீடுவரை கேட்கும்.

அன்றே வேலையைத் தொடங்கினேன் என்று எழுதத்தான் ஆசை. ஒரு வாரம் ஒன்றும் செய்யவில்லை. அறைவாசலில் நிற்பேன், எதை முதலில் எடுப்பது என்று யோசிப்பேன், அதற்குள் ஆபீசுக்கு நேரமாகிவிடும். அடுத்த ஞாயிறு காலை வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“இரண்டு பேர் சேர்ந்தால் சீக்கிரம் முடியும். நான் வரட்டுமா?” குரல் கட்டியிருந்தது.

“வேண்டாம், வேண்டாம். நானே பார்த்துக்கொள்கிறேன்.”

அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். அந்த அறையை அவர் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அப்படியே உள்ளே போய், கையில் முதலில் எது பட்டதோ அதை எடுத்து வெளியே கொண்டு வந்தேன். வேண்டியது வேண்டாதது என்று பிரிக்கவில்லை. பிரித்தால் உட்கார்ந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். நாற்காலி, கடிகாரம், ஆர்மோனியம் எல்லாம் சந்துக்கு வந்தன. காகிதப் பை ஒட்டிப் பிழைக்கும் இரண்டு பெண்கள் பேப்பர் கட்டுகளைக் கேட்டு எடுத்துப் போனார்கள்.

மத்தியானத்துக்கு மேல் கடைசி மூலைக்கு வந்தேன். தேயிலைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத் தரை காலியாக இருந்தது. கழுவித் துடைத்த தரை. சுவரோரம், குழந்தைக்காகப் பழம்புடவையைக் கிழித்து மடித்துவைத்த துணிகள். பாதியை எலி கடித்திருந்தது. நிறைவயிற்றோடு அவளே கட்டுகளை நகர்த்தி இடம் பண்ணியிருக்கிறாள். அதற்கப்புறம் நான் வாங்கி வந்தவை அந்த இடத்துக்குப் போகும் வழியையும் அடைத்துவிட்டன. “என் பேப்பரையெல்லாம் கலைச்சது யாரு?” என்று அவளுக்கு எட்டாம் மாதம் நடந்தபோதுதான் நான் கத்தியிருந்தேன். அவள் சாதம் போட்டாள்.

துணிகளை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தீட்டுக் கழிந்து குழந்தையோடு வந்தவள், வெள்ளையடித்த அறையை நின்று பார்த்தாள். “இவ்வளவு பெரிய ரூமா இது?” என்றாள். திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

அன்று மாலையே வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து வைத்து, குழந்தை பால் குடிக்கிறாளா என்று விசாரித்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். அதற்கப்புறமும் இரண்டு வருஷம் எதிரெதிர் வீட்டில்தான் இருந்தோம். பிறகு அவர்கள் பெஹாலாவுக்கு வீடு மாறினார்கள். வண்டியில் சாமான் ஏற்ற நானும் கைகொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை. ஒரு லீவு நாளில் நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். அவர் காலமான செய்தி பௌதியின் கடிதத்தில் வந்தது. கடைசி வரியில், குழந்தை எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள் என்று கேட்டிருந்தாள்.