சமைக்கிறவர் உயரம்

ஓசூர் சிப்காட்டில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் திம்மப்பன் லைன் சூப்பர்வைசர். தளிப் பக்கத்திலிருந்து ஹெல்பராக வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஆள் ஆறடி, தன்னைப் பற்றிய நினைப்பு அதைவிட ஒரு முழம் கூடுதல். போன வருடம் லைனில் வேலை செய்யும் பெண்களை ஒவ்வொருவராக நிற்கவைத்து, முழங்கை உயரம் அளந்து, மேசைகளைத் தாழ்த்தினார். தோள்வலி என்று லீவு கேட்பது பாதியாகக் குறைந்தது. அதற்குக் கம்பெனி கொடுத்த சான்றிதழ் வீட்டு ஹாலில் தொங்குகிறது. யார் வந்தாலும் அதற்கு நேரெதிர் நாற்காலியில்தான் உட்காரவைப்பார்.

மனைவி முனிலட்சுமிக்குத் தையல் கம்பெனியில் காலை ஷிப்ட். எட்டு மணி நேரம் மிஷினில் குனிந்துவிட்டு வந்தால், சமையல் மேடைக்கு அடியில் கிடக்கும் குண்டானை எடுக்க மறுபடியும் குனிய வேண்டும். ஒருநாள் குனிந்தவள் நிமிர முடியாமல் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். திம்மப்பன், இனி உன் உடம்பு நோகாதபடி சமையலறையையே மாற்றித் தருகிறேன் என்று அன்றே வாக்குக் கொடுத்தார்.

அதன்பிறகு போனைக் கீழே வைக்கவில்லை. கைப்பிடி இல்லாத கதவு, சத்தமில்லாமல் தானே மூடிக்கொள்ளும் டிராயர், கூரை வரை அலமாரி, அதன் அடியில் பட்டை விளக்கு என்று ஒரு வீடியோ விடாமல் பார்த்தார். இப்போது எல்லோரும் போடுவது சாம்பல் நிறம் என்றார். அடுத்த வாரமே, இல்லை, பச்சை என்றார். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்து, திறந்த சமையலறை ஆக்கினார். அடுப்பிலிருந்து சிங்க்குக்கு எத்தனை எட்டு, எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்சோடு நடந்து பார்த்தார். முனிலட்சுமியிடம் கேட்டது நிறத்தைப் பற்றி மட்டும்தான்.

மேடை போட வந்த சௌந்தரராஜன் மதுரைப் பக்கத்துக்காரர். "சமைக்கிறவுகளைக் கொஞ்சம் வந்து நிக்கச் சொல்லுங்க சார். முழங்கையைப் பாத்து ஒசரம் வச்சிரலாம்" என்றார்.

முனிலட்சுமி ஷிப்டில் இருந்தாள். சாயங்காலம் வரை காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகியிருக்காது. ஆனால் முழங்கைக் கணக்கை இன்னொருவர் தனக்குச் சொல்வதா என்று திம்மப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மார்பை நிமிர்த்திக்கொண்டு தானே போய் நின்றார். சௌந்தரராஜன் அவரை அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டு, அளந்து குறித்துக்கொண்டார்.

புதுச் சமையலறையின் முதல் ஞாயிற்றுக்கிழமை லைன் ஆட்களை விருந்துக்கு அழைத்தார். ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். எல்லோரும் டிராயரை இழுத்து இழுத்து மூடிப் பார்த்தார்கள். பிறகு முனிலட்சுமி களிக்கு உலை வைத்தாள்.

களியை மேலிருந்து உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்திக் கிண்ட வேண்டும். குண்டான் விளிம்போ அவள் மோவாய்க்கு வந்தது. குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். மணைப்பலகை போட்டு ஏறியும் பார்த்தாள். ஆவி நேராக முகத்தில் அடித்தது. களி கிண்டும் கட்டையைப் பிடித்த கையின் தோள் காது வரை ஏறிக்கொண்டது. சுவர் இருந்திருந்தால் இந்தக் கூத்து உள்ளேயே முடிந்திருக்கும். திறந்த சமையலறை ஆயிற்றே, ஹாலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். சான்றிதழுக்கு எதிர் நாற்காலியில் இருந்த ஜோதிமணி, திம்மப்பன் மேசையைத் தாழ்த்திக் கொடுத்த பெண்களில் ஒருத்தி. அவள் சான்றிதழைப் பார்த்தாள், முனிலட்சுமியைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டாள்.

முனிலட்சுமி பலகையிலிருந்து இறங்கினாள். குரலை உயர்த்தவில்லை.

"கம்பெனில யாரு நின்னுகினு வேல செய்யறாங்களோ அவங்களத்தான அளந்தீங்க?"

"ஆமா."

"இங்க யார அளந்தீங்க?"

திம்மப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. வலியோடு அழுதவளுக்காகத் தொடங்கிய வேலையில் அவளையே மறந்துவிட்டோமே என்று உண்மையாகவே வெட்கப்பட்டார். போய்க் கட்டையை வாங்கினார். மேடை அவர் முழங்கைக்கு அச்சாகப் பொருந்தியது. அன்றைய களியில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டிகள்; விருந்தாளிகள் குழம்பை நிறைய ஊற்றிக்கொண்டு சமாளித்தார்கள்.

மேடையை உடைத்துத் தாழ்த்திவிடலாம் என்று மறுநாள் அவர் சொன்னபோது முனிலட்சுமி வேண்டாம் என்றாள். அன்றிலிருந்து தினமும் ஷிப்ட் முடிந்து வந்து நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, அடுப்பு முன்னால் நிற்கும் அவரை அடிபிடிக்காமல் கிண்டச் சொல்கிறாள். அவள் முதுகு தேறிவருகிறது.

இப்போதெல்லாம் வீடு கட்டுகிறவர்கள் சமையலறையைப் பார்க்க வருகிறார்கள். திம்மப்பன் டிராயரைக் காட்டுவார், விளக்கைக் காட்டுவார். மேடை ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டால், ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே சொல்வார்: "சமைக்கற ஆள நிக்க வச்சிதாங்க அளந்தது."