சிறுகுடல் முடியும் இடம்

என் மகளுக்குப் பசி நின்றுபோனதை முதலில் நான் பக்தி என்று நினைத்தேன். அது புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் அந்த மாதம் கறி, முட்டை கிடையாது. சனிக்கிழமை ஒருபொழுதுதான் சாப்பாடு. கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த அவளும் என்னோடு விரதம் இருந்தாள். மாதம் முடிந்த பிறகும் இரண்டு வாய் சோற்றோடு எழுந்துவிடுவாள். பெருமாள் மேல் பிள்ளைக்கு இவ்வளவு பிடிப்பா என்று பூரித்துப்போனேன். சாப்பிட்டால் வலிக்கும் என்று பயந்து சாப்பிடாமல் இருந்திருக்கிறாள்.

கார்த்திகைக்குள் மறைக்க முடியாமல் போனது. வலது பக்கம் அடிவயிற்றில் வலி, நாளைக்கு ஐந்தாறு தடவை வயிற்றுப்போக்கு. வாயெல்லாம் புண். முட்டி வீங்கியது. மாதவிலக்கும் நின்றது. அரூரில் ஊசி போட்டால் நான்கு நாள் அடங்கும், மறுபடி கிளம்பும்.

தின்றது உள்ளே சிக்கிக்கொண்டதால்தான் வயிறு வலிக்கிறது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சிக்கியதை வெளியே எடுப்பதற்குத் தொக்கம் எடுப்பது என்று பெயர். மார்கழியில் மூன்று பஸ் மாறி ஏரியூர்ப் பக்கம் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர் விளக்கெண்ணெய் தடவி வயிற்றை அமுக்கினார். தொப்புள் பக்கம் ஒரு குழலை வைத்து உறிஞ்சித் தட்டில் துப்பினார். சின்னதாக ஒரு துண்டு.

"பாத்தியாம்மா, கோழிக்கறி. இதான் உள்ள மாட்டிக்கினு இருந்துருக்குது."

மகள் படுத்தபடியே, "நான் கறி தின்னு மூணு மாசம் ஆவுதுங்க" என்றாள்.

"அந்த மூணு மாசமும் உள்ளயே இருந்துருக்குது, கண்ணு."

எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: "ஏம்மா, மூணு மாசத்துக் கறி அப்பிடியா புதுசா இருக்கும்? உப்புப் போட்டா கொழம்பு வெச்சிரலாம்."

"வாய மூடு. கை ராசிக்காரரு. குத்தம் பேசினா பலிக்காது."

பங்குனி வரைக்கும் நான்கு தடவை கூட்டிப்போனேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு துண்டு வந்தது. அவள் மட்டும் இளைத்துக்கொண்டே போனாள்.

ஒருநாள் கல்லூரி பஸ்ஸில் ஏறும்போது மயங்கி விழுந்துவிட்டாள். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடம்பில் ரத்தம் பாதிதான் இருக்கிறது என்றார்கள். கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். குடலில் வரும் டிபியும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்குமாம். பிரித்துச் சொல்ல நாளானது. கடைசியில் க்ரோன்ஸ் என்று ஒரு பெயர் சொன்னார்கள். அந்தப் பெயர் என் வாயில் நுழையவே ஒரு வாரம் ஆயிற்று.

டாக்டரம்மா பொறுமைசாலி. நான் ஒன்றுதான் கேட்டேன். "நான் ஆக்கிப் போட்டதுல ஏதாச்சும் தப்புங்களா?"

"இல்லீங்க. கிருமிய அடிக்கறதுக்கு ஒடம்புல ஒரு சக்தி இருக்குது. அது கொடலயே எதிரின்னு நெனச்சு அடிக்குது. ஏன் அப்பிடி ஆரம்பிக்குதுன்னு முழுசா யாருக்கும் தெரியாது. ஒட்டுவாரொட்டியும் இல்ல." சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். "புண்ணு மேலாப்புல இல்லீங்க, கொடலோட செவுரு முழுக்க எறங்கியிருக்குது. ஆறுது, மறுபடி வருது. ஆற ஆறத் தழும்பு தடிச்சு வழி சின்னதாயிருச்சு. சாப்பாட்டுச் சத்தும் ஒட்டல."

தக்காளித் தோட்டத்தைத் தவிர வேறு உலகம் அறியாத என் வீட்டுக்காரர் இடையில் புகுந்தார். "சொட்டுநீர் ட்யூபுல உப்பு அடச்சா ஆசிட்டு விட்டுக் கழுவுவோமுங்க. அந்த மாதிரி ஏதாச்சும்..."

"உள்ள படிஞ்சிருந்தாக் கழுவலாங்க. இங்க ட்யூபே தடிச்சுப்போச்சே."

"அப்ப வெட்டிட்டு ஜாயிண்டு போடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டாக்டரம்மா, முதலில் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றார்.

மாத்திரையும் ஊசியுமாக மாதங்கள் போயின. நானும் ஒரு மண்டலம் விளக்குப் போட்டேன். வீக்கம் வடிந்தது, தழும்பு கரையவில்லை. ஆடியில் கஞ்சி குடித்தாலும் வாந்தி எடுத்தாள். ஆபரேஷன் என்று முடிவானது. அன்றைக்குத்தான் தொக்கம் எடுத்த கதையை டாக்டரம்மாவிடம் சொன்னேன். "முன்னாடியே வந்துருந்தா வெட்டாம இருந்துருக்கலாங்களா?"

அவர் ஃபைலைப் பார்த்துக்கொண்டே, "மருந்துலயே நிறுத்தப் பாத்துருக்கலாம். கட்டாயம்னு சொல்ல முடியாதுங்க" என்றார்.

அந்த அரை வருடத்தை யாரிடம் திருப்பிக் கேட்பேன்? மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "விடும்மா. அவருக்கு வயித்தக் காட்டிப் படுத்தது நானுந்தான."

ஒப்புதல் தாளில் அவளே கையெழுத்துப் போட்டாள். ஒரு சாண் குடலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரே கேள்விதான். காற்று பிரிந்ததா? பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம், அதுவரை தண்ணீர்கூடக் கிடையாது. மழைக்கும் பிள்ளைவரத்துக்கும் வேண்டியிருக்கிறேன், இதற்கு எப்படி வேண்டுவது என்று தெரியாமல் கட்டில் பக்கத்தில் கைகூப்பி நின்றேன். பக்கத்துப் படுக்கைக்காரி சிரித்தாள். "என்னாக்கா, இதுக்குப் போயி பெருமாளத் தொந்தரவு பண்ற?"

"வேற யாரக் கேக்கறது, சொல்லு?"

மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் மகள் என்னைக் கூப்பிட்டாள். "அம்மா... வந்துருச்சு."

"சிஸ்டர்! காத்து பிரிஞ்சிருச்சுங்க!"

"ஐயோ, மெதுவாம்மா, வார்டுக்கே கேக்குது" என்று தையலைப் பிடித்துக்கொண்டு போர்வைக்குள் முகத்தை மறைத்தாள்.

ஒட்டின இடத்திலேயே இது திரும்ப வரலாம், மருந்தை விட்டுவிடக் கூடாது என்று டாக்டரம்மா அன்றைக்கே சொல்லிவிட்டுப் போனார். சரிங்க என்றேன். மூன்று நாளாக உட்கார்ந்தே இருந்ததில் என் கால் வீங்கியிருந்தது. கட்டிலுக்கடியில் சுருட்டியிருந்த பாயை நர்ஸ் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "இப்பவாச்சும் கொஞ்சம் படும்மா" என்றாள். படுத்தேன்.