அருவிக்கரையில் ஒரு சிபாரிசு

ஹெட்மாஸ்டரைப் பிடித்துவிட்டால் ஹைஸ்கூலில் இடம் கிடைத்துவிடும் என்பது எங்கள் பக்கத்துத் தகப்பன்மார்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. பரீட்சை என்று ஒன்று இருப்பது அவர்களுக்கும் தெரியும். அது பிள்ளைகள் பாடு, ஆளைப் பிடிப்பது தங்கள் பாடு என்று வேலையைப் பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். என் அப்பாவும் அப்படித்தான் கிளம்பினார். கிளம்பியதில் தப்பில்லை. பிடித்த ஆளில்தான் கோளாறு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் தென்காசியில் ஐந்தாம் வகுப்பு முடித்தேன். அத்தோடு சின்னப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமானால் ஹைஸ்கூலில் முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு, சேர வேண்டும். அதற்கு ஒரு நுழைவுப் பரீட்சை உண்டு. டிக்டேஷன், கணக்கு, வாசிப்பு. ஆய்க்குடி, இலத்தூர், செங்கோட்டை என்று சுற்றுவட்டாரத்துப் பையன்கள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். இருப்பதோ ஒரே வகுப்பு. வந்தவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டே திரும்புவார்கள். இதில் பெண்பிள்ளை ஒருத்தி போய் உட்காருவது என்பது எங்கள் ஊரில் அதுவரை யாரும் கேள்விப்படாத சங்கதி.

எனக்குப் படிக்க வேண்டும். எதற்கு என்று கேட்டிருந்தால் அந்த வயதில் சொல்லத் தெரிந்திருக்காது. புத்தகம் பிடிக்கும், அடுப்படி பிடிக்காது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவர் முடியவே முடியாது என்றார். அப்பா அண்ணனை எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. அதற்குப் பதிலாகப் பேச்சையே நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் சாப்பிட, நடுவில் பரிமாறியே அம்மா அலுத்துப்போனாள். கடைசியில் பெரியப்பாதான் இறங்கி வந்தார்.

"சரி, எழுதட்டும். அவங்க பாத்து இடம் குடுத்தா போகட்டும். வேண்டாம்னுட்டா, அடுத்த வருசம் பாப்போம்னு எங்கிட்ட வந்து நிக்கப்படாது. அத்தோட படிப்பு முடிஞ்சுது" என்றார்.

ஆக, எனக்கு இருந்தது ஒரே வாய்ப்பு. அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா வயலும் வரப்புமாக இருந்தவர். ஹெட்மாஸ்டரை ஏதோ ஒரு ஊர்வலத்தில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். கோட்டும் தலைப்பாகையும் ஞாபகம் இருந்தன. உள்ளே இருந்த ஆள் ஞாபகம் இல்லை. வீடு தேடிப் போகக் கூச்சம். அப்போதுதான் ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் வழி சொன்னார்.

"அண்ணாச்சி, சாரல் விழுந்தாச்சுல்லா. ஹெட்மாஸ்டர் தினமும் விடியுமுன்ன குத்தாலத்துல பெரிய அருவிக்கு வந்துருதாரு. நல்ல வாட்டசாட்டமான ஆளு, நரைச்ச மீசை. அங்கன வச்சுப் பேசிருங்க. குளிச்ச மனுசன் மனசு குளுந்து இருப்பாரு."

சொன்ன கையோடு, தன் வண்டியிலேயே கூட்டிப் போவதாகவும் சொன்னார்.

மறுநாள் காலை அப்பா எண்ணெய்க் கிண்ணத்தோடு கிளம்பிவிட்டார். அருவிக்கரைக்கு வந்துவிட்டால் கலெக்டரும் ஒன்றுதான், களத்து மேட்டுக்காரரும் ஒன்றுதான். எல்லாருக்கும் இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய், குளிரில் பல் கிட்டிக்கொண்டு நிற்பார்கள். கோட்டையும் தலைப்பாகையையும் கழற்றிய பிறகு ஒரு ஹெட்மாஸ்டரை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? வண்டிக்காரர் சொன்ன இரண்டு அடையாளங்களும் பொருந்திய ஒருவர் பாறையில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா போய்க் கும்பிட்டார். அவர் சட்டென்று எழுந்து, அதைவிடப் பணிவாகக் கும்பிட்டார்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் முதுகு தேய்த்துவிடுவது வழக்கம். முன்பின் தெரியாதவர்கள்கூடத் தேய்த்துவிடுவார்கள். அப்பா அவருக்கு முதுகு தேய்த்துவிட்டார். அவரும் பதிலுக்கு அப்பாவுக்குத் தேய்த்துவிட்டார்.

"எம்புட்டுப் படிச்ச மனுசன், எனக்கு முதுகு தேய்ச்சு விடுதாரு. நான் வேண்டாம் வேண்டாம்ங்கேன், கேக்க மாட்டேங்காரு. என்னைப் போயி 'ஐயா'ங்காரு" என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அம்மா அப்பாவின் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். "எழுதுத கைன்னா மெத்துன்னுல்லா இருக்கும். வயக்காட்டுல மம்பட்டி பிடிச்ச கை மாதிரி செவக்கச் செவக்கத் தேய்ச்சிருக்காரு" என்றாள். அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை.

ஈரத்துண்டோடு நிற்கிற மனிதரிடம் காரியத்தை நேராகக் கேட்பது மரியாதை இல்லை என்பது அப்பாவின் கொள்கை. அதனால் சுற்றி வளைத்துத்தான் வந்தார். தன் மகள் இந்த வருஷம் முதல் பாரத்துக்குப் பரீட்சை எழுதப்போவதாகப் பேச்சோடு பேச்சாக எடுத்துவிட்டார்.

"அப்படியா ஐயா? என் மவனும் இந்த வருசந்தான் எழுதுதான்" என்றாராம் அவர்.

அதைக் கேட்டதும் அப்பாவுக்கு அவர்மேல் இருந்த மதிப்பு இன்னும் ஒரு படி ஏறிவிட்டது. "அவரு பள்ளிக்கூடம். நெனச்சா மவனை நேரா உள்ள கூட்டிட்டுப் போயிரலாம். பரீட்சை எழுத வைக்காரு பாரு. நேர்மைன்னா இதுல்லா நேர்மை" என்று பெரியப்பாவுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அப்பா தினமும் அருவிக்குப் போனார். அவரும் தவறாமல் வந்தார். ஒருநாள் அப்பா எங்கள் தோட்டத்துப் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். மறுநாள் அவர் ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பினார். வாங்குகிற அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன், வாங்கியதற்கு மேலே திருப்பித் தருகிற அதிகாரியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அப்பா அசந்துபோனார். நாங்கள் உட்கார்ந்து மாம்பழம் தின்றோம்.

இன்னொரு நாள் அப்பா துணிந்து, கணக்கில் எது முக்கியம் என்று ஐயா நினைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். அவர் கொஞ்சம் யோசித்து, "பின்னந்தான். அதுலதான் பயலுவ சறுக்குதானுவ" என்றார். பிறகு, "நீங்க என்ன நெனைக்கிய?" என்று அவரும் கேட்டார். ஹெட்மாஸ்டர் தன்னையே சோதிக்கிறார் என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். "படி, மரக்கால், கோட்டைன்னு நெல்லு அளக்குத கணக்கு" என்றார். அவர் அதை மனசில் குறித்துக்கொள்வதுபோலத் தலையாட்டினாராம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பின்னம்தான் ஆட்சி செய்தது. தோசையைக்கூட எட்டில் மூன்று பங்கு என்று கேட்டால்தான் அப்பா தட்டில் போடவிடுவார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் நான் தைரியமாக இருந்தேன். ஹெட்மாஸ்டரே நம் கட்சி, பிறகு என்ன பயம்?

பரீட்சை நாளும் வந்தது. தூறலில் நனைந்துகொண்டே நானும் அப்பாவும் பள்ளிக்கூடம் போனோம். வராந்தா முழுக்கத் தகப்பன்மார்களும் பையன்களும். ஒரு பெஞ்சின் ஓரத்தில் ஜரிகைத் துண்டு போட்ட, வாட்டசாட்டமான ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்பா என் காதில், "அவருதான்" என்றார். சொல்லிவிட்டுக் கும்பிட்டார். அவர் எழுந்து கும்பிட்டார். அப்பா அவரை உட்காரச் சொன்னார். அவர் அப்பாவை உட்காரச் சொன்னார். இரண்டு பேரும் உட்காராமல் நின்றார்கள்.

அப்போது ஒல்லியாக, குள்ளமாக, கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒருவர் இருமிக்கொண்டே வந்தார். பியூன் விறைத்து நின்று சலாம் வைத்தார். "ஏலே, ஒதுங்கி நில்லுங்கலே, ஹெட்மாஸ்டர் வாராரு" என்று பையன்களை அதட்டினார்.

அந்த மனிதருக்கு நெஞ்சுச்சளியாம். சாரல் காலத்தில் அருவிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாராம். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்பா மெதுவாக, "அப்ப நீங்க?" என்றார்.

"நான் இலத்தூரு. நெல்லு வெவசாயம். சீசனுக்கு இங்கன மச்சான் வீட்டுல தங்கியிருக்கேன். நீங்கதான் ஹெட்மாஸ்டர்னு அந்த ஜட்காக்காரன் சொன்னான். வாட்டசாட்டமா, நரைச்ச மீசையோட வருவாருன்னான்."

அப்பாவும் வாட்டசாட்டமான ஆள்தான். மீசையும் நரைத்த மீசைதான். இப்படி இன்னும் எத்தனை தகப்பன்மார்களை அந்த வண்டிக்காரர் அருவிக்கு ஓட்டிப் போனாரோ தெரியாது. சீசனில் அவர் குதிரை நன்றாகக் கொழுத்திருந்தது மட்டும் தெரியும்.

இலத்தூர்க்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை. நான் யார் என்றே இந்த மப்ளர்காரருக்குத் தெரியாது. மணி அடித்தார்கள், உள்ளே போனேன்.

பின்னம் வந்தது. முதல் பாரத்துப் பரீட்சையில் பின்னம் வராமல் எங்கே போகும்? கோட்டை, மரக்கால் கணக்கும் வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த இலத்தூர்க்காரரின் மகன் அதை என் அப்பாவின் தயவால் கரைத்துக் குடித்திருந்தான். வாசிப்புக்கு ஹெட்மாஸ்டரே வந்து நின்றார். நான் வாசிக்கும்போது நடுவில் நிறுத்தச் சொல்லவில்லை, முடிகிறவரைக்கும் கேட்டார். மத்தியானம் வராந்தாவுக்கு வந்து, இடம் கிடைத்தவர்கள் பெயர்களை வாசித்தார். அந்தப் பையன் பெயர் வந்தது. என் பெயரும் வந்தது. அப்பா என் தோளைப் பிடித்தார்.

ஆனால் ஹெட்மாஸ்டர் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பெண் நன்றாகவே எழுதியிருக்கிறாள். சேர்க்கக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. ஆனால் இதுவரை அப்படி வழக்கமும் இல்லை. நாளைக்கு யாராவது மொட்டைக் கடுதாசி போட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். பையன்களின் தகப்பனார்கள் எல்லாரும் இங்கே இருக்கிறீர்கள். ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்."

கோட்டுப் போட்ட ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வயசுக்கு வரப்போற பிள்ளை. பயலுவளுக்கு நடுவுல எப்படி உக்காரும்? நமக்கு எதுக்கு வீண் வம்பு" என்றார். அங்கங்கே தலைகள் ஆடின. அப்பா ஒரு அடி முன்னால் வைத்தார், அதையும் பின்னால் எடுத்துக்கொண்டார். நாலு பேர் நடுவில் பேசிப் பழக்கம் இல்லாதவர். பெரியப்பாவின் முகம் என் கண்முன்னால் வந்து நின்றது. முடிந்தது என்று நினைத்தேன்.

இலத்தூர்க்காரர் எழுந்தார். "ஐயா, எனக்கு அந்தப் பிள்ளையத் தெரியும்" என்றார்.

"உறவா?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

"உறவு இல்ல. மொகத்தையே இன்னைக்குத்தான் பாக்கேன். ஆனா சாரல் விழுந்ததுல இருந்து, அருவிக்கரையில அவ அப்பா சொல்ல, அவளப் பத்தித்தான் கேட்டுட்டு இருக்கேன். பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கு கொழும்புல இருந்து வார கடுதாசிய இவதான் வாசிச்சுச் சொல்லுதா. கஷ்டமான சேதின்னா அந்தம்மாவ மொதல்ல உக்கார வச்சுட்டுத்தான் வாசிப்பாளாம். காய்ச்சல்ல கண்ணு தொறக்காம கெடந்தவ, பள்ளிக்கூடத்து மணியக் கேட்டு எந்திரிச்சு உக்காந்தாளாம். 'அவ கேக்க கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல ஐயா'ன்னு இவரு சொன்னாரு. நான் இவரத்தான் ஹெட்மாஸ்டர்னு நெனச்சிருந்தேன். ஹெட்மாஸ்டருக்கே பதில் தெரியாத கேள்வி கேக்க பிள்ளையான்னு அசந்து போனேன்."

வராந்தாவே சிரித்தது. ஹெட்மாஸ்டருக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன.

"இப்பல்லா தெரியுது, அவரு ஹெட்மாஸ்டர் இல்லன்னு. இருந்தா என்ன? பிள்ளை அதே பிள்ளைதான. எம்மவன் அவகூடப் படிக்கட்டும், எனக்குச் சந்தோசம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கோட்டுக்காரர் தன் மகன் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹெட்மாஸ்டர் பியூனைப் பார்த்து, "பெயரை எழுதச் சொல்லு" என்றார்.

எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையை அது காதுபடப் புகழ மாட்டார்கள், கண் பட்டுவிடும் என்று பயம். பாஸ் ஆனாலும் அப்பா "ம்" என்பார், பெயிலானாலும் அதே "ம்"தான். அந்தக் கடுதாசிகளை நான் எப்படி வாசித்தேன் என்று அவர் பார்த்தாரா, காய்ச்சலில் கிடந்தபோது என்னோடு யார் இருந்தது என்றெல்லாம் நான் யோசித்ததே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் குட்டு உடைந்துபோன வெட்கத்தில், அவர் தலையைக் குனிந்துகொண்டு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பியூன் என் பக்கத்தில் வந்து, "ஏட்டி, இடந்தான் கெடைச்சுட்டே, இன்னும் என்னத்துக்கு அழுதுட்டு நிக்க?" என்றார்.