வாயில் எண்ணெயோடு நடந்த காலம்

முழங்கால் நோவு கூடியபோது மகள் என்னைத் தெஹிவளையில் ஓர் ஆயுர்வேத வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் சிங்களவர். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, குளிசையை விட அன்றாடப் பழக்கம்தான் முக்கியம் என்றார். விடிய முன் எழும்ப வேண்டும். வெறுவயிற்றில் சுடுதண்ணீர் குடிக்க வேண்டும். நல்லெண்ணெயை வாயில் விட்டு, அது பால் மாதிரி வெளுக்கும் வரை அலசித் துப்ப வேண்டும். முழங்காலுக்கும் உள்ளங்காலுக்கும் எண்ணெய் தேய்க்க வேண்டும். வெயில் ஏற முன் நடக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டைப் பொழுதுபடும்போதே முடித்துவிட வேண்டும்.

"எண்ணெய் வாயிலே இருக்கிற நேரம் கதைக்க எப்பா, அம்மா," என்று, 'வேண்டாம்' என்பதற்கு மட்டும் சிங்களத்தைக் கலந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

மகள் சிரித்தாள். "அது அம்மாவுக்குச் சுகம், டொக்டர். எண்ணெய் இல்லாட்டியும் அவ கதைக்க மாட்டா."

அது உண்மைதான். சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்கக் கூச்சப்பட்டு, பக்கத்தில் நிற்கும் பெண் கேட்கும் வரை காத்து நின்று, அவள் வாங்கிய விலைக்கே வாங்கிக்கொண்டு வருகிறவள் நான். கதைக்கத் தெரியாமல் இல்லை. தொண்டை வரைக்கும் வந்த சொல் அங்கேயே இருந்துகொள்ளும்.

வைத்தியர் சொன்னதில் எனக்குக் கஷ்டமாக இருந்தது இரவுச் சாப்பாடுதான். நான் ஆறு மணிக்கே இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒன்பது மணிக்கு மருமகன் கொத்துரொட்டிப் பார்சலை அவிழ்ப்பார். அந்த வாசனைக்கு என்ன பத்தியம் சொல்வது? சுவாமி அறைக்குள் போய் இருந்துகொள்வேன். அங்கேயும் வரும்.

மற்றக் கஷ்டம் குளியலறை. வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டில் ஒன்றே ஒன்றுதான். காலையில் மகளும் மருமகனும் வேலைக்குப் போகும் அவசரத்தில் இருப்பார்கள். ஒருநாள் நான் வாய் நிறைய எண்ணெயோடு கதவடியில் நிற்பதைக் கண்டு, மருமகன் பாதி முகத்தில் சவர நுரையோடு வெளியே ஓடி வந்து, "மாமி, நீங்கள் முதல்ல போங்கோ," என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த நாளிலிருந்து இரண்டு வேலையையும் ஒன்றாக்கினேன். எண்ணெயை வாயில் விட்டுக்கொண்டு படியிறங்கிக் கடற்கரை வீதிக்குப் போய்விடுவேன். நடந்துகொண்டே அலசி, ரயில் பாதையோரம் ஒரு தென்னைக்கு அடியில் துப்புவேன். அந்தத் தென்னை இப்போது நன்றாகக் காய்க்கிறது.

அங்கேதான் அந்த இரண்டு பெண்களையும் கண்டேன். இருவருக்கும் என் வயதுதான் இருக்கும். ஒருவர் குண்டு, கழுத்தில் செபமாலை போட்டிருப்பார். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, மகன் வீடு வாங்கியதால் இந்தப் பக்கம் வந்தவர். மற்றவர் உயரம், யாழ்ப்பாணத்துக்காரி, முந்தி ஒரு வங்கியில் வேலை பார்த்தவர். குண்டு அம்மா ஒருநாள் என்னைப் பார்த்து, "தினமும் வாறீங்களா?" என்று கேட்டார். வாயில் எண்ணெய். தலையை ஆட்டினேன். "வீடு கிட்டவா?" கையைக் காட்டினேன். "மூட்டு வலியா?" முழங்காலைத் தொட்டுக் காட்டினேன்.

நான் திரும்பும்போது அவர் மற்றவரிடம், "பாவம், வாய் பேச வராது போல," என்று சொன்னது காதில் விழுந்தது.

துப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம். கூச்சம். அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் அவர் என் கையைப் பிடித்து வீதி கடக்க வைத்தார். இலைக்கஞ்சி விற்கும் பெண்ணிடம் எனக்கும் சேர்த்து வாங்கி, கருப்பட்டித் துண்டைக் கடித்துக் குடிக்க வேண்டும் என்று சைகையால் விளங்கப்படுத்தினார். நான் ஒரு கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்லிவிட்டு, தென்னையடிக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து குடித்தேன். இவ்வளவு அன்புக்குப் பிறகு எந்த வாயைத் திறப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. பதில் சொல்லத் தேவையில்லாமல் இரண்டு பேர் நடுவில் நடப்பது ஒரு சுகம். அவர்கள் மருமகள்மாரைப் பற்றிக் கதைப்பார்கள், மீன் விலையைத் திட்டுவார்கள், நான் எண்ணெயை அலசிக்கொண்டு கேட்பேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் நான் கைப்பிடியைப் பிடிக்காமல் படியிறங்கத் தொடங்கிவிட்டேன்.

அப்போதுதான் பக்கத்துத் தொடர்மாடியில் இருக்கும் ஒருவரின் சங்கிலியைக் கடற்கரை வீதியில் மோட்டார் சைக்கிளில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனான். மகள் பயந்துவிட்டாள்.

"இனித் தனியப் போகேலாது அம்மா. மொட்டை மாடியிலை நடவுங்கோ."

மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கிகளும் காயப்போட்ட உடுப்புகளும்தான். நாலு எட்டு வைத்தால் யாருடையதோ போர்வை முகத்தில் அடிக்கும். "எனக்குத் துணை இருக்கு," என்றேன்.

"உங்களுக்கோ? ஆர்?"

"ரெண்டு பேர்."

"பேர் என்ன?"

எனக்குத் தெரியாது. வாய் பேசாதவள் எப்படிக் கேட்பது? மகள் என்னை உற்றுப் பார்த்தாள். "சரி, ஞாயிற்றுக்கிழமை நானும் வாறன். அவையளைக் காட்டுங்கோ. கதைச்சுப் போட்டுச் சொல்லுறன்."

சனிக்கிழமை எண்ணெய் விடாமலே போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்ற முடிவு. வாயைத் திறக்கப் போகிற நேரம் குண்டு அம்மா மற்றவரிடம் சொன்னார்: "மாதாவுக்கு நேர்ந்திருக்கேன். இந்த அக்காவுக்கு ஒரு வார்த்தையாவது வந்தா, கொட்டாஞ்சேனைக் கோயில்ல அவங்க உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துறதா."

திறந்த வாயை மூடிவிட்டேன். நல்ல வேளை, நான் உயரத்தில் கட்டை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எண்ணெயை விட்டுக்கொண்டேன். பயத்தில் கை தானாகப் போத்தலுக்குப் போய்விட்டது. மகள் பக்கத்தில் நடந்து வந்தாள். இருவரும் தூரத்திலேயே கையசைத்தார்கள்.

"மகளா?" என்றார் குண்டு அம்மா. "உங்க அம்மா தங்கமான மனுஷி. பொறந்ததுல இருந்தே பேச்சு வராதா, இல்ல இடையில போச்சா?"

மகள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "எங்கட அம்மாவுக்கோ?"

இனி ஒரு நிமிடம் பிந்தினாலும் மொட்டை மாடிதான். முழங்காலைக்கூட நினைக்காமல் தென்னையடிக்கு ஓடினேன். துப்பினேன். திரும்பி வந்து, "வாயிலை எண்ணெய் வைச்சிருந்தனான்," என்றேன்.

ரயில் ஒன்று போனது. அது போய் முடியட்டும் என்று எல்லோரும் நின்றோம். அவர்கள் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப பேச வாய் இருந்துக்கிட்டே நாங்க பேசினதெல்லாம் சும்மா கேட்டுக்கிட்டு வந்தீங்க," என்றார் குண்டு அம்மா மெல்ல.

"ஓம்."

"என் மருமகளைப் பத்திச் சொன்னதும்?"

"ஓம்."

அவர் இடுப்பில் கை வைத்தார். "சரி, சொல்லுங்க. என் பக்கம் நியாயமா, அவ பக்கமா?"

இவ்வளவு நாளும் எனக்குள் இருந்த பதில்தான். "மருமகள் வைச்ச சொதிக்கு உப்புக் கூடினதுக்கு நீங்கள் மூண்டு நாள் முகத்தைத் தூக்கி வைச்சது கொஞ்சம் கூடிப்போச்சு."

உயரமான அம்மா மதிலில் சாய்ந்து நின்று சிரித்தார். "இதைத்தானே நானும் சொன்னனான், நீர் கேட்டனீரே?" மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் குண்டு அம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படியோ பேசிட்டாங்க. நேர்த்தி நேர்த்திதான்," என்றார்.

"எண்ணெயைத் துப்பினது இவ. மாதா என்னத்தைச் செய்தவ?" என்றார் மற்றவர்.

"துப்ப வைச்சது யாராம்?"

வீட்டுக்குத் திரும்பும்போது மகள், "நீங்கள் அவையளோடயே போங்கோ அம்மா," என்றாள். கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு, "உங்கட வாயிலை இவ்வளவு நியாயம் இருக்கெண்டு எனக்குத் தெரியாது," என்றாள்.

அடுத்த முறை போனபோது வைத்தியரிடம் மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எண்ணெயை வாயில் விட்டுக்கொண்டு நடக்கக் கூடாதாம், உட்கார்ந்துதான் அலச வேண்டுமாம். இப்போது எல்லோருக்கும் முன் எழும்பி, குசினிப் பக்கத்து பல்கனியில் கதிரை போட்டு அந்த வேலையை முடித்துவிட்டு, வெறும் வாயோடு இறங்குகிறேன். அவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னிடம் நியாயம் கேட்கும் நாட்களில் எண்ணெயை நினைத்துக்கொள்வதும் உண்டு.

மெழுகுதிரிக்கு மூவரும் பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். என் உயரத்துக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததில் பெரியதைக் குண்டு அம்மா வாங்கிக் கொளுத்தினார். நான் சைவக்காரி, என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியாமல் நின்றேன்.

"வாயைத் தொறந்து ஒண்ணு சொல்லுங்க அக்கா. மாதாவுக்கும் கேக்கட்டும்," என்று அவர் என் முதுகில் தட்டினார்.

பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். ஆனாலும் சத்தமாகவே சொன்னேன்: "தாயே, முழங்காலும் இப்ப பரவாயில்லை."